ஆள் ஏறினால் எரியாத பல்பு

இலவச மிக்சி வீட்டுக்கு வந்துவிட்டது; அதைச் சுற்ற வைக்கக் கரண்டு இல்லை. நான் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படித்த காலம் அப்படி. அம்மா மிக்சியைத் துணி போட்டு மூடி வைத்துவிட்டு அம்மியிலேயே அரைத்தாள். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருவன்தான் என்பதால், கரண்டு போகும்போதெல்லாம் என்னைப் பார்த்து, "நீ படிக்கிற படிப்புல இதுக்கு ஒண்ணும் சொல்லித் தரலையா?" என்பாள். கேலியாகத்தான் கேட்டாள். நான் அதை மனதில் ஏற்றிக்கொண்டேன்.

நீடாமங்கலத்திலிருந்து எங்கள் பக்கம் வரும் மினி பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தால் பேச முடியாது, நாக்கைக் கடித்துக்கொள்வோம். வாய்க்கால் கரை ரோடு அந்த லட்சணம். இவ்வளவு குலுக்கலும் வீணாகத்தானே போகிறது, இதில் கொஞ்சம் மின்சாரம் பிடித்தால் என்ன என்று தோன்றியது. அதையே புராஜெக்ட்டாக எடுத்தேன்.

ஒரு எஃகுப் பட்டை, அதன் நுனியில் பழைய ஸ்பீக்கரிலிருந்து பிரித்த காந்தம், பக்கத்தில் செம்புக் கம்பிச் சுருள். வண்டி அதிர்ந்தால் பட்டை ஆடும், காந்தம் சுருளுக்குள் போய்வரும், கரண்டு பிறக்கும். ஊஞ்சலை அதன் போக்குக்குத் தள்ளினால்தானே உயரப் போகும்? அதுபோல வண்டியின் அதிர்வும் பட்டையின் ஆட்டமும் ஒத்துப்போக வேண்டும். மத்தியான டிரிப்பில் வண்டி காலியாக ஓடும். அந்த நேரத்தில் ஏறி, பட்டையின் நீளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துச் சரிசெய்தேன். டிரைவர் அண்ணன் நல்ல மனுஷன். இதெல்லாம் அடைத்த பெட்டியை வண்டிக்கு அடியில் போல்ட் போட்டு மாட்ட விட்டார். ஒயரை மேலே கொண்டுவந்து ஜன்னல் கம்பியில் ஒரு சின்னப் பல்பைக் கட்டினேன். பள்ளத்தில் வண்டியை விட்டுவிட்டு, "எரிஞ்சுதா இன்ஜினியரு?" என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்பார்.

புராஜெக்ட் பரீட்சைக்கு முதல் நாள், கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று போனேன். வழியில் ஒரு ஊரில் வண்டி நின்றதும் அடியில் படுத்து ஒயரில் மீட்டரை வைத்தேன்.

"டேய், வெளியில வா."

அந்த ஊரில் வயலுக்கு அடியிலிருந்து கம்பெனி மீத்தேன் வாயு எடுக்கக் கூடாது என்று பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தெரிந்த விஷயம்தான். ஆனால் என் ஒயருக்கும் அவர்கள் பந்தலுக்கும் சம்பந்தம் வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பச்சைத் துண்டு போட்ட ஒருவர் கையில் கடப்பாரையோடு நின்றார்.

"கம்பெனி ஆளா?"

"இல்லைங்க, காலேஜ். வண்டி குலுங்குறதுல கரண்டு எடுக்குற புராஜெக்ட்டு."

"முன்னாடி வந்தவனும் காலேஜுன்னுதான் சொன்னான். தண்ணி டெஸ்ட்டுன்னு வயல்ல ஒயர இழுத்தான். பூமியக் குலுக்கித்தான் அடியில என்ன இருக்குன்னு பாத்தான். நீ ரோட்டக் குலுக்குறியா?"

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். கடப்பாரை பெட்டியின் பக்கம் நீண்டது. அது உடைந்தால் விடிவதற்குள் இன்னொன்று செய்ய முடியாது.

"ஓட்டிக் காட்டுறேங்க. பல்பு எரியும், நீங்களே பாருங்க."

பந்தலில் பாதிப் பேர் ஏறிவிட்டார்கள். வண்டி கிளம்பியது. எல்லோரும் பல்பையே பார்த்தார்கள். பள்ளம் வந்தது, மதகு வந்தது. பல்பு எரியவில்லை.

"அங்கயும் பவர் கட்டுப்பா!" என்றார் ஒருவர். வண்டியே சிரித்தது. அப்புறம்தான் உறைத்தது. காலி வண்டிக்குச் சரிசெய்த பட்டை இது. இத்தனை பேர் ஏறியதில் வண்டி அமுங்கி, அதன் ஆட்டமே மாறிவிட்டது.

"எல்லாரும் எறங்கினா எரியும்ங்க."

"எறங்கினா நீ ஓடிடுவ."

பந்தலில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா, ஐம்பது வயது இருக்கும், "நான் ஒருத்தி வரேன். என்னையாவது தாங்குமா உன் வண்டி?" என்றாள். அதற்கும் சிரித்தார்கள். ஆனால் வண்டி பந்தலுக்குத் திரும்பியதும் இறங்கினார்கள்.

வண்டி மறுபடி கிளம்பியது. வெயிலில் ஏமாந்துவிடக் கூடாது என்று அவள் பல்பைச் சுற்றி இரண்டு கையையும் குவித்து, கண்ணை அதில் வைத்துக்கொண்டாள். மதகைத் தாண்டும்போது, "ஆங்!" என்றாள்.

"எரிஞ்சுதாக்கா?"

"மினுக்குனு ஒண்ணு. இன்னொண்ணு. இவ்வளவுதானா?"

"இவ்வளவுதாங்க்கா."

"இதுக்கா அடியில போயிப் படுத்த?" என்றாள். "கோவிச்சுக்காத தம்பி. எங்க மாமனாரு அடுத்தவன் வயல்ல கூலி. அவரு அடிபட்டு, கேசுக்கு அலைஞ்சு, அப்புறம்தான் இந்த அரை ஏக்கரா பட்டாவாச்சு. நடவு நட்டு நிமிர்றதுக்குள்ள கம்பெனிக்காரனுங்க அளவுக்கல்லு நட வந்துட்டானுங்க. யாரு ஒயரோட வந்தாலும் கம்பெனி ஆளாத்தான் தெரியுது."

எங்கள் அப்பாவும் கூலிக்கு நட்டவர்தான். சொல்ல வாயெடுத்தேன், சலுகை கேட்பது மாதிரி ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

திரும்பி வந்ததும் அவள் படியில் நின்றே சொன்னாள்: "எரியுது. என் கண்ணால பாத்தேன். நம்ம கூட்டம் ஏறினாதான் அதுக்கு ஆவல."

பச்சைத் துண்டுக்காரர் கடப்பாரையைப் பந்தல் காலில் சாய்த்தார். என்னிடம் ஸ்பேனரை வாங்கி, அவரே அடியில் படுத்துப் பெட்டியைக் கழற்றிக் கொடுத்தார். கொடுக்கும்போது பிடியை விடவில்லை.

"இத எங்க ஓட்டினன்னு கேப்பாங்களா?"

"கேப்பாங்க."

"எங்க ஊரு பேர எதுலயும் எழுதாத தம்பி. ஒரு காகிதத்துல ஏறினா அது எங்க போயி நிக்கும்னு எங்களுக்குத் தெரியாது."

"எழுதலைங்க."

அப்புறம்தான் விட்டார்.

மறுநாள் பரீட்சைக்கு வெளியிலிருந்து வந்த பேராசிரியர் ரிப்போர்ட்டைப் புரட்டினார். "எந்த ரூட்?"

"கிராமச் சாலை, சார்."

"அதான் எந்தக் கிராமம்? இடம் இல்லாத ரீடிங்கை எதை வச்சு நம்புறது?"

"கூட்டம் ஏறினா எரியாது, அதையும் நேத்து ராத்திரி எழுதிச் சேர்த்திருக்கேன், சார்."

"நான் ஊரைக் கேட்டேன்."

நின்றுகொண்டே இருந்தேன். அவர் பேனாவை மூடி, திறந்து, ஏதோ எழுதினார். பாஸானேன். நம்பியிருந்த முதல் வகுப்பு தவறிப்போனது. "ஏன்டா வாயடைச்சு நின்ன?" என்று கூடப் படித்தவர்கள் கேட்டார்கள். அவர்களிடமும் ஊரைச் சொல்லவில்லை.