‘நாங்க கம்பெனிங்க’ என்று சொன்ன சுகுணா

மணவூர் ஸ்டேஷனில் சென்னை வண்டிக்காக நின்றிருந்தபோது மோகன் போன் செய்தான். நான் மேலாளராக இருந்த திருத்தணிக் கிளையில் வீடு வீடாக இணைய கேபிள் இழுத்துக் கொடுத்தவன். இப்போது சொந்தமாகக் கடை வைத்திருக்கிறான். “சார், சுகுணா மேடம் போயிட்டாங்க சார். காலைலதான். ஆஸ்பத்திரிலருந்து வூட்டுக்கு இட்டாந்துகினு இருக்காங்க” என்றான். சென்னை வண்டி வந்தது, போனது. நான் எதிர் நடைமேடைக்குப் போய் அரக்கோணம் வண்டியைப் பிடித்து, அங்கிருந்து பஸ் மாறி அம்மையார்குப்பம் போய்ச் சேர்ந்தபோது மதியமாகிவிட்டது. அவர் தெருவில் அன்று ஒரு விசைத்தறியும் ஓடவில்லை. அந்த அமைதியே வீட்டுக்கு வழி காட்டியது.

அவரைத் தெரிந்த உங்களில் பலரை அங்கே பார்த்தேன். யாரோடும் சரியாகப் பேச முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். சுகுணாவுக்கு நாற்பத்தேழு வயது. என்னைவிட ஒரு வயது இளையவர். ஆறு ஆண்டுகள் என் கீழ் வேலை பார்த்தார் என்று பதிவேடு சொல்லும்.

எங்கள் தொழிலைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. வீடுகளுக்கு இணைய இணைப்பு கொடுக்கும் கம்பெனி அது. சேரும்போதே வாடிக்கையாளர் ஒரு சேவை இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம்: காது கேளாத பிள்ளைகளின் பள்ளி, முதியோர் இல்லம், தெருநாய்க் காப்பகம் என்று நாலைந்து இருந்தன. நூறு ரூபாய் பில்லில் ஐந்து ரூபாய் அங்கே போகும். மிச்சம் எங்களுக்கு. பள்ளி தன் பெயரையும் தன் மேல் அன்பு வைத்தவர்களின் முகவரிகளையும் கொடுக்கும். அந்த அன்பின் வழியாக நாங்கள் இணைப்பு விற்போம். அதைத் தவறான தொழில் என்று அன்றும் நான் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. சுகுணாவும் நினைக்கவில்லை.

திருத்தணியில் ஒரு துணிக்கடையில் பத்து வருடம் நின்று புடவை விற்றவர் அவர். வேலை கேட்டு வந்த அன்று, சம்பளத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னாலேயே கேட்டார்: “சார், இது டிரஸ்டா, கம்பெனியா?”

“கம்பெனிதான்.”

“அப்போ லாபம் வருமில்ல?”

“வந்தால்தானே உங்களுக்குச் சம்பளம் தர முடியும்?”

“ஆங், அது நல்லதுதான். அத வாசல்ல சொல்லிடலாமில்ல?”

எந்த விற்பனையாளரும் என்னிடம் கேட்காத கேள்வி. சொல்லலாம் என்றேன். உண்மையிலேயே சொல்வார் என்று எதிர்பார்க்கவில்லை.

முதல் வாரம் அவரோடு கனகம்மாசத்திரம் போனேன். ஒரு டயர் கடைக்காரர் வீடு. உட்காரச் சொல்வதற்குள் சுகுணா தொடங்கிவிட்டார்: “முதல்ல ஒண்ணு சொல்லிடறேங்க. நாங்க கம்பெனிங்க, தர்ம ஸ்தாபனம் இல்ல. எங்களுக்கு லாபம் உண்டு. நீங்க கட்டற பில்லுல ஒரு சின்ன பங்குதான் நீங்க சொல்ற எடத்துக்குப் போவும்.”

“அப்போ தருமம்னு சொல்லிகினு வியாபாரம் பண்ண வந்தியாம்மா?”

“வியாபாரந்தாங்க. தருமம் அதுல ஒரு ஓரமா இருக்குது. புடிச்சிருந்தா சேருங்க.”

அவர் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது. வெயிலில் திரும்பி நடக்கும்போது, “பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பற்றி முதலில் சொல்லிவிட்டு இதைச் சொன்னால் என்ன?” என்றேன். அவர் அடுத்த வீட்டு அழைப்பு மணியை அழுத்தினார். அங்கேயும் அதே வார்த்தைகள். அந்த வீட்டம்மா சிரித்துவிட்டு, “லாபம்னு சொல்லிகினு வந்த மொத ஆளு நீதான்” என்று சேர்ந்துகொண்டார்.

மற்றவர்களைவிட அவர் பிடித்த இணைப்புகள் எப்போதும் குறைவுதான். ஆனால் அவர் சேர்த்தவர்கள் சீக்கிரத்தில் விலகவில்லை. இது தலைமை அலுவலகத்தின் கண்ணில் படவில்லை; குறைவுதான் பட்டது. மூன்றாவது ஆண்டில் சென்னையிலிருந்து ஒரு புதுத் தாள் வந்தது. வாசலில் என்ன பேச வேண்டும் என்று வரி வரியாக எழுதியிருந்தது. ‘உங்கள் ஒவ்வொரு பில்லும் ஒரு குழந்தையின் படிப்பு’ என்பது முதல் வரி. லாபம், பங்கு பற்றியெல்லாம் அவர்கள் கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும். அந்தத் தாளை வைத்து எல்லோருக்கும் பயிற்சி கொடுத்தது நான்தான்.

சுகுணா தாளைத் திருப்பிக் கொடுத்தார். “கேட்டா சொல்றதுக்குப் பேரு பதிலு சார். கேக்காதவங்களுக்கு யாரு சொல்றது?”

“நாம் பொய் எதுவும் சொல்லவில்லையே சுகுணா.”

“சொல்லல சார். ஆனா அவங்க பொய்ய நெனச்சிக்கட்டும்னு வுட்டுட்டு நிக்கிறோம்.”

அடுத்த திங்கட்கிழமை அவரை வெளிவேலையிலிருந்து எடுத்துப் புகார் மேசையில் உட்கார வைத்தேன். “வெயிலில் அலைய வேண்டாம் என்றுதான்” என்று சொன்னேன். அவர் தலையாட்டினார்.

அந்த ஆண்டு ஆடிக் கிருத்திகை முடிந்த மறுநாள், மணவூர் பக்கத்து விவசாயி ஏகாம்பரம் புகார் மேசைக்கு வந்தார். மலையில் மொட்டையடித்த தலையில் சந்தனம் ஈரம் காயாமல் இருந்தது. அந்த மாத பில் கட்டத் தாமதமாகிவிட்டதாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு அதனால் ஏதாவது கஷ்டமா என்று கேட்டார். சுகுணா கணினியில் பார்த்தார். பல மாதங்களாக அந்த இணைப்பில் துளிகூடப் பயன்பாடு இல்லை.

“ஐயா, வூட்டுல நெட்டு யாரு பாக்கறாங்க?”

“யாரும் இல்லம்மா. பையன் ஓசூர்ல வேலைக்குப் போய்ட்டான். பொட்டி பரண்மேல கெடக்குது. காசு புள்ளைங்களுக்குத்தானே போவுதுன்னு கட்டிகினு வரேன்.”

பக்கத்து அறையிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன். சுகுணா நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நூற்றுக்கு ஐந்து என்பதை மெதுவாகச் சொன்னார். பெரியவர் கோபப்படவில்லை. “எங்கிட்ட சொன்ன அந்தத் தம்பி அப்படிச் சொல்லலியே” என்று மட்டும் சொன்னார். அந்தத் தம்பி நான் கற்றுக்கொடுத்ததைத்தான் சொல்லியிருப்பான். சுகுணா அங்கேயே அவர் இணைப்பைத் துண்டிக்க எழுதி வாங்கிக்கொண்டு, பள்ளியின் முகவரியை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்தார். “இனிமே நேரா இங்க போயிக் குடுங்கய்யா. புள்ளைங்களையும் பாத்துட்டு வாங்க.”

பெரியவர் படியிறங்கியதும் நான் சுகுணாவிடம் கத்தினேன். “வந்த வாடிக்கையாளரை நீயே வெளியே அனுப்புவியா?” அதுவரை அவரை ‘நீ’ என்று சொன்னதில்லை. அவர் திரையை என் பக்கம் திருப்பினார். பெட்டியைத் தொடாமல் பில் மட்டும் கட்டி வந்த வீடுகளை அதற்குள் தேடி எடுத்திருந்தார். நாற்பதுக்கும் மேல் இருந்தன. “இவங்க எல்லாருக்கும் போன் பண்ணணும் சார். நீங்க வேணாம்னா நான் பண்ண மாட்டேன். ஆனா வேணாம்னு நீங்க வாயால சொல்லணும்.”

என்னால் வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை, சரி என்றும் சொல்ல முடியவில்லை. விஷயம் பள்ளிக்கு எட்டி, தலைமை ஆசிரியையே அலுவலகத்துக்கு வந்துவிட்டார். அவரை வில்லியாக நினைத்துவிடாதீர்கள்; முப்பது பிள்ளைகளின் கவலை அவருக்கு. “எங்க வேன் டீசல் உங்க காசுலதாம்மா ஓடுது. நாலு கிராமத்துப் புள்ளைங்க அந்த வேன நம்பி இருக்குது. நாற்பது பேரு போனா நான் என்ன செய்வேன்?” என்றார். சுகுணாவின் கண்கள் கலங்கிவிட்டன. “எனக்கும் தெரியலம்மா. ஆனா அந்தப் பெரியவரு மூஞ்சிய நான் பாத்துட்டேன்” என்றார்.

மறுநாள் காலை போன் செய்யச் சொன்னேன். பாதியை நானே செய்தேன். சிலர் திட்டினார்கள். சிலர், தெரிந்துதான் கட்டுகிறோம் என்றார்கள். பாதிக்கு மேல் விலகினார்கள். தலைமை அலுவலகம் என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டது, சம்பள உயர்வை நிறுத்தியது. எங்கள் கிளையின் படிவத்தில் மட்டும் சுகுணாவின் வாசல் வார்த்தைகளை முதல் வரியாக அச்சிட ஒப்புக்கொண்டார்கள். மற்ற கிளைகளில் பழைய தாள்தான் தொடர்ந்தது. பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டேன்.

செய்தி பரவி வேறு வீடுகளும் விலகியதில், வேன் வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. அந்தக் குறை தீர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. ஏகாம்பரமும் இன்னும் சிலரும் பள்ளிக்கு நேராகக் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் நிலைமை மாறியது. அதுவரை வேன் வராத நாட்களில், அம்மையார்குப்பத்திலிருந்து ஒரு சிறுமியைச் சுகுணா தன் ஸ்கூட்டரில் பள்ளிக்குக் கூட்டிவந்து விட்டுவிட்டு வேலைக்கு வருவார். தாமதமாக வந்த நாட்களுக்கு அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். “வேன நிறுத்தனது நான்தானே சார்” என்றார். அதில் கசப்பும் இல்லை, பெருமையும் இல்லை.

நான் அந்தக் கம்பெனியை விட்டு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வேலூர் ஆஸ்பத்திரியில் அவர் சேர்ந்திருக்கிறார், புற்றுநோய் என்று கேள்விப்பட்டுப் போனபோது ஆள் பாதியாகியிருந்தார். கணவர் காபி வாங்கப் போயிருந்த நேரம், பழைய கதைகளைப் பேசிக்கொண்டிருந்தோம். உங்கள் துணிச்சல் எனக்கு என்றைக்கும் வந்ததில்லை என்றேன். அவர் சிரித்தார்.

“துணிச்சலா? ஒவ்வொரு வாசல்லயும் பயந்தான் சார். கதவ சாத்திடுவாங்களோன்னு பயந்துகினேதான் சொல்லுவேன். ஒரு நாளும் பழகல.”

“அப்புறம் ஏன் முதலிலேயே சொன்னீர்கள்?”

“கடைசில சொல்லிக்கலாம்னு வுட்டா சொல்லவே மாட்டேன். என்னப் பத்தி எனக்குத் தெரியாதா?”

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: “சுகுணா, உங்களைப் புகார் மேசைக்கு மாற்றியது வெயிலுக்காக இல்லை. தண்டனைதான்.”

“தெரியும் சார். நீங்க சொன்னதுதான் இப்ப புதுசு” என்றார்.

அவரைத் துணிச்சல்காரி என்று வைத்துக்கொண்டது எனக்கு வசதியாக இருந்தது. அப்படிப் பிறக்காதவன் நான் என்று என்னை நானே பல வருடம் மன்னித்து வந்தேன். அந்த வசதியை அன்று அவர் எடுத்துக்கொண்டுவிட்டார். இப்போது யாரிடமாவது பேசும்போது பயம் வந்தால், சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது. சுகுணாவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தப் பயம்தான். அது போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.