ரேகை விழாத விரல்கள்

துபாயிலிருந்து வரும் தங்கை வீட்டுக்காரருக்குக் கரியில் வாட்டிய கோழிதான் பிடிக்கும் என்று வீட்டில் ஒரே பாட்டு. எந்த அடுப்பு வாங்கலாம் என்று கேட்க, மன்னார்குடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கோழி வாட்டி விற்பவரிடம் போனேன். வளைகுடாவில் அதே வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். ஒல்லியான ஆள், புகையில் சிவந்த கண்கள்.

"மெல்லிசுத் தகடு வேண்டாங்க, ஒரு மழைக்காலம் தாங்காது. கனமான வார்ப்பிரும்பா பாருங்க. சாம்பலை அன்னன்னிக்கே அள்ளிடணும். நம்ம ஊரு ஈரத்துல அது கிடந்தா இரும்பை அரிச்சிடும்."

பேசிக்கொண்டே, அடுப்பின் சூடான கம்பிகளில் துரு ஏறாமலிருக்க வெறும் விரலால் எண்ணெய் தடவினார். நான் பதறிப்போனேன்.

"சுடலையாங்க?"

விரல்களைத் திருப்பிக் காட்டினார். உரித்த சின்ன வெங்காயம்போல வழவழவென்று இருந்தன. ஒரு கோடுகூட இல்லை.

"லீவு முடிஞ்சு திரும்பிப் போனப்ப, அந்த ஊரு ஏர்போர்ட்டு மெஷின்ல கைரேகை விழலைங்க. அப்படியே திருப்பி அனுப்பிட்டாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அதுக்கப்புறமுமா கையால தடவுறீங்க? ஒரு துணியைச் சுத்திக்கக் கூடாதா?" கோபமாகவே கேட்டேன்.

"இனிமே தேயறதுக்கு என்னங்க இருக்கு?" என்றபடி அடுத்த கம்பிக்குப் போனார்.

அந்த அடுப்பில் ஒரு பொட்டுத் துருகூட இல்லை.