ஆண்டவனைத் திட்டிய வழக்கு

எங்கள் தெரு இஸ்திரிக்காரம்மாவுக்கு ‘ரேடியோ’ என்று பெயர் வைத்தது அவருடைய கணவர்தான். காலையில் இஸ்திரிப் பெட்டி சூடாகும்போது தொடங்கும் பேச்சு, கடைசிச் சட்டையை மடித்து வைக்கும்வரை ஓயாது. கரண்டு போனால் மின்சார அலுவலகத்தை, பித்தான் உடைந்தால் தையல்காரரை, மழை பெய்தால் மேகத்தை என்று பாரபட்சமில்லாமல் திட்டுவார். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. அவர் திட்டாமல் விட்டால்தான், நாம் என்ன தப்பு செய்தோம் என்று யோசிப்பார்கள்.

ஆண்டவனுக்கும் விலக்கு இல்லை. தெருமுனையிலிருக்கும் வழிபாட்டுக்கூடத்துக்கு வாரம் தவறாமல் போவார். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுக்கும் இடத்தில் இவர் கண்ணைத் திறந்துகொண்டு கேள்வி கேட்பார்.

அவருடைய ஒரே மகன் மின்கம்பத்தில் வேலை செய்யும்போது தவறி விழுந்து, நினைவில்லாமல் மருத்துவமனையில் கிடந்தான். அங்கிருந்து ஒரு மாலை அம்மா நேராகக் கூடத்துக்கு வந்தார். அன்றைய பேச்சு வழக்கத்தைவிடச் சத்தமாக இருந்தது. பின்வரிசையில் எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். இளைஞர், மிகுந்த பக்தி உள்ளவர், அம்மாவிடம்தான் இஸ்திரிக்குச் சட்டை கொடுப்பவர். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு காதைப் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார். மறுநாள் காவல் நிலையத்தில் மத அவமதிப்பு என்று புகார் கொடுத்தார்.

இருவருக்கும் வேறு பகை எதுவும் இருந்ததில்லை. புகார் எழுதும்போது அவர் அழுதார் என்று நிலையத்து ஏட்டு என்னிடம் சொன்னார். குற்றம் நிரூபணமானால் அம்மாவுக்கு மூன்று ஆண்டு வரை சிறை.

இரண்டு நாள் காவலில் வைத்துவிட்டு ஜாமீனில் விட்டார்கள். ஆனால் இரண்டு நிபந்தனைகள். வழக்கு முடியும்வரை கூடத்துக்குப் போகக் கூடாது. மதத்தைப் பற்றியோ கடவுளைப் பற்றியோ பொது இடத்தில் எதுவும் பேசக் கூடாது.

“கையச் சுட்டுக்கிட்டா ‘ஆண்டவா’ன்னு சொல்லலாமா?” என்று அம்மா தன் வக்கீலைக் கேட்டார்.

வக்கீலம்மாவும் இளவயதுதான். கொஞ்சம் யோசித்தார். “சொல்லாம இருக்கறதே நல்லதும்மா.”

“அப்ப என்னன்னு கத்தறது?”

“‘அம்மா’ன்னு கத்துங்க.”

“எங்கம்மாவுக்கு அவரவிடக் கோவம் ஜாஸ்தி.”

அதுதான் அவர் கடைசியாக அடித்த கிண்டல். எந்தப் பேச்சு எங்கே சுற்றிக் கடவுளில் போய் முடியும் என்று அவருக்கே தெரியாது. அதனால் எல்லாப் பேச்சையும் நிறுத்திக்கொண்டார். “ரேடியோவுக்கு பேட்டரி தீந்துடுச்சாக்கா?” என்று பால்காரர் சீண்டிப் பார்த்தார். தலையை மட்டும் ஆட்டினார்.

மகன் பிழைத்துவிட்டான். ஊன்றுகோலுடன் ஆட்டோவிலிருந்து இறங்கியபோது தெருவே வாசலுக்கு வந்தது. அம்மா வாயைத் திறந்தார். கணவரைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு கதவைப் பிடித்தபடி நின்றார்.

“வீட்டுக்குள்ள வந்து மெதுவா ஒரு நன்றி சொல்லேன்,” என்றார் கணவர்.

“மெதுவா எனக்கு வராதுங்க. சத்தமா சொன்னா தெருவுக்குக் கேக்கும். திட்டினதுக்கு ஒரு கேஸு போதும்.”

விசாரணையன்று நானும் போயிருந்தேன். மருந்துக்கடைக்காரர் கசங்கிய சட்டையுடன் சாட்சிக் கூண்டில் ஏறினார்.

“அவங்க என்ன சொன்னாங்க?” என்று நீதிபதி கேட்டார்.

“என் வாயால சொல்ல முடியாதுங்கய்யா. சொன்னா எனக்குப் பாவம்.”

புகாரிலும் ‘சொல்லத் தகாத வார்த்தைகள்’ என்றுதான் இருந்தது.

“சரி, எழுதிக் குடுங்க.”

“கையும் என் கைதானேங்கய்யா.”

அடுத்து, கூடத்தைக் கவனித்துக்கொள்ளும் பெரியவரை அழைத்தார்கள்.

“அந்தம்மா வாராவாரம் திட்டுவாங்கய்யா. நான் காதுல போட்டுக்கறதில்ல. திட்டறதுக்காகவாவது வர்றாங்களே.”

“உங்க மனசு புண்படலையா?”

“எனக்குப் படலைங்க. அவருக்குப் பட்டுச்சான்னு எனக்குத் தெரியாது,” என்று பெரியவர் விரலை மேலே காட்டினார்.

வக்கீலம்மாவின் முகம் மலர்ந்தது. வார்த்தை இல்லையென்றால் வழக்கே இல்லை. அதைச் சொல்ல அவர் எழுந்தபோது, குற்றவாளிக் கூண்டிலிருந்து குரல் வந்தது.

“நான் சொல்றேங்கய்யா. நான் பேசினதுதானே.”

“அம்மா, வேணாம்மா,” என்று வக்கீலம்மா பதறினார்.

“அந்தத் தம்பி பொய் சொல்லல. நான் பேசவே இல்லேன்னு ஆயிட்டா, என் புள்ளைக்காக நான் கேட்டதும் இல்லேன்னு ஆயிடும்.”

சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, சொன்னால் அதுவே அவருக்கு எதிராகப் போகலாம் என்று நீதிபதி பொறுமையாக விளக்கினார். அம்மா தலையாட்டிவிட்டு, கூரையைப் பார்த்துப் பேசினார். அன்றிருந்த அதே சத்தம்.

“ஊர்ல இருக்கறவன் சட்டைச் சுருக்கத்த எல்லாம் நான் எடுக்கறேன். என் வீட்டுல விழுந்த ஒரு சுருக்கத்த எடுக்க உனக்குக் கை வரலியா? கண்ணு தெரியலேன்னா கண்ணாடி வாங்கிப் போடு. காது கேக்கலேன்னா வேலைய விட்டுட்டுப் போ, கேக்கத் தெரிஞ்சவர் யாராவது வரட்டும்.” மூச்சு வாங்கினார். குரல் இறங்கியது. “நிஜமா போயிடாத. நீயும் போயிட்டா நான் யார்கிட்ட போய்க் கேப்பேன்?”

மருந்துக்கடைக்காரர் எழுந்தார்.

“ஐயா, அந்தக் கடைசி வார்த்தைய நான் கேக்கல. அதுக்கு முன்னாடியே வெளிய போயிட்டேன்.”

தீர்ப்பு அடுத்த வாரம் வந்தது. புகார்தாரரின் மனம் புண்பட்டது உண்மை. ஆனால் பிறர் மனத்தைப் புண்படுத்த வேண்டும் என்ற நோக்கத்தைத்தான் சட்டம் தண்டிக்கிறது. இந்தப் பெண் பேசியது தாம் நம்பும் ஒருவரிடம், அதுவும் உதவி கேட்டு. விடுதலை.

வக்கீலம்மா அடுத்த வழக்குக் கட்டை எடுத்தார். கடவுளைக் கேலிச்சித்திரமாக வரைந்ததற்காகச் சிறையில் இருக்கும் ஓர் ஆசிரியரின் வழக்கு. “அவரு யார்கிட்டயும் உதவி கேக்கல, வரைஞ்சாரு, அவ்வளவுதான். அதுக்கு வேற மாதிரி வாதாடணும்,” என்றார். “ஆனா இந்தத் தீர்ப்பையும் கையோட எடுத்துட்டுப் போவேன்.”

அன்று மாலை மருந்துக்கடைக்காரர் ஒரு மூட்டைச் சட்டையோடு இஸ்திரிக் கடை வாசலில் வந்து நின்றார். அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“கோர்ட்டுக்கு அந்தச் சட்டையிலயா தம்பி வருவாங்க? எருமை மென்னு துப்பின மாதிரி.”

“வேற யார்கிட்ட குடுக்கறதுன்னு தெரியலக்கா.”

உள்ளே கணவர் சிரிப்பது கேட்டது. அம்மா பெட்டியை அணைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“நான் இப்பக் கூடத்துக்குப் போறேன். சத்தமாத்தான் பேசுவேன். காதப் பொத்தறதுன்னா வராத.”

“வரேன்க்கா.”

அவர் அதே பின்வரிசையில் உட்கார்ந்தார். அம்மா முன்னால் நின்று முதலில் மகனுக்காக நன்றி சொன்னார். அது சீக்கிரம் முடிந்தது. “அது சரி, என்னை எதுக்கு ஜெயிலுக்கு அனுப்பின?” என்று அடுத்தது ஆரம்பித்தது. மருந்துக்கடைக்காரரின் கை ஒருமுறை காதுவரை போனது. பிறகு மடிக்குத் திரும்பியது. கடைசி வார்த்தை வரை அவர் எழுந்திருக்கவில்லை.