தயிர்ச்சட்டிகளுக்கு நடுவே நின்ற பிள்ளைகள்

பூமணி அக்கா போய்விட்டார் என்று போன் வந்தபோது நான் கடையில் ஒரு கலியாணக் கூட்டத்துக்குச் சேலை விரித்துக்கொண்டிருந்தேன். மண்டூரிலிருந்து களுவாஞ்சிக்குடிச் சந்தைக்குத் தயிர் கொண்டுவந்த அவரை உங்களில் பலருக்குத் தெரியும். வந்தவர்களை வேறு கடைக்கு அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டினேன். வந்த வியாபாரத்தை ஒருநாளும் விடாத என்னை அறிந்தவர்களுக்கு அதன் பொருள் விளங்கும்.

சுனாமியில் கடல் என் வீட்டை எடுத்த பிறகு மனைவியின் ஊரான மண்டூரில் குடியேறினேன். களுவாஞ்சிக்குடிக் கடைக்கு வர நாள்தோறும் வாவியைக் கடக்க வேண்டும். பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் மனிதர், சைக்கிள், மூட்டை எல்லாம் நெருக்கியடித்து நிற்கும். வேலைக்கும் படிப்புக்கும் வரும் குமர்ப்பிள்ளைகளுக்கு அந்த நெரிசல்தான் நரகம். பின்னால் ஒருவன் வந்து ஒட்டிக்கொண்டால் விலக இடமில்லை, சுற்றிவரத் தண்ணீர்.

அக்கா இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். பிள்ளைகளை நடுவில் நிறுத்திவிட்டுச் சுற்றிவரத் தயிர்ச்சட்டிகளை அடுக்குவார். தயிரை மிதிக்க யாருக்கும் கால் வராது. ஒருநாள் ஒரு பெரிய மனிதர், "நிக்க இடமில்ல, தள்ளி வையுங்க" என்று முனகினார்.

"தயிர் ஆடினாத் தண்ணி விட்டிரும் ஐயா. நீங்க ஆடாம நில்லுங்க" என்றார் அக்கா. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

பிறகு இடுப்பில் துவக்கு வைத்த ஒருவன் வரத் தொடங்கினான். எந்தப் பக்கத்து ஆள் என்று கேட்கக்கூடிய காலமல்ல அது. சட்டிகளைக் காலால் ஒதுக்கிக்கொண்டு உள்ளே போய்ச் சுதாவின் பின்னால் நின்றான். சுதா என் கடையில் வேலை செய்த பிள்ளை. அவள் உழைப்பில்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் கரையோரத்துக் கண்ணா மரக்காட்டைப் பார்த்தேன்.

இறங்கும்போது அவன் என் தோளில் கைபோட்டான்.

"முதலாளி, அந்தப் புள்ள உங்கட கடைதானே? வீடு எவடம்?"

சோதனைச் சாவடியில் அவனுடைய ஒரு சொல்லில் என் துணிப்பொதி தப்பும். ஒரு சொல்லில் கிடந்துவிடும். "கோயிலுக்குப் பின்னால" என்று சொல்லிவிட்டேன்.

மத்தியானம் சந்தைக்குப் போய் அக்காவிடம் ஒப்புக்கொண்டேன். அகப்பையைக் கீழே வைத்தார்.

"யாவாரிக்கு வாய் இனிச்சாப் போதாது மனே, பல்லும் இரிக்கணும்."

அன்று பின்னேரமே சுதாவையும் தாயையும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். என்னிடம், "நாளைக்கு என்னோட சட்டிக்குப் பக்கத்தில நில்லு. அவன் வந்தா விலகாத" என்றார்.

"சுட்டா?"

"சுட்டா விழு. மறுகா உன்ட இடத்தில நான் நிக்கிறன்."

மறுநாள் அவன் என் முகத்தில் மூச்சுப் படும் தூரத்தில் வந்து நின்றான். "விலகுங்க முதலாளி." நான் சட்டியோடு ஒட்டி நின்றேன்.

"அவருக்குக் கால் மரத்துப்போச்சு தம்பி, அசைய ஏலாது" என்றார் அக்கா. அவன் சிரித்தான். கரை வரும்வரை என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

இருபது நாள் மட்டில் அப்படிப் போனது. என் பொதிகள் சாவடியில் கிடந்தன. ஒரு காலையில் கடைவாசற்படியில் ஒரு துவக்கு ரவையை நிமிர்த்தி வைத்திருந்தார்கள். பிறகு அவன் வரவில்லை. ஏன் என்று யாரும் விசாரிக்கவில்லை. சுதா வேலையை விடவில்லை.

இப்போது யுத்தம் முடிந்துவிட்டது என்கிறார்கள். போன மாதம் துறையடியில் அவனைக் கண்டேன். வெள்ளைச் சட்டை, இடுப்பு வெறுமை. பாதைக்குக் காத்து நின்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

செத்தவீட்டில் ஒருவர், "பயம் எண்டா என்னெண்டு தெரியாத மனிசி" என்றார். நான் பக்கத்தில் நின்றவன். என் கையோடு உரசிய அக்காவின் கை அந்த இருபது நாளும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த நடுக்கத்தைத்தான். நாளைக் காலையும் பாதை ஓடும். பிள்ளைகள் ஏறுவார்கள். அவனும் ஏறுவான். நான் நடுங்கிக்கொண்டே நிற்பேன்.