சங்கிலி அறுந்த ஞாயிறு

யாழ்ப்பாணத்தில் என் மனைவி மருத்துவிச்சியாக வேலை பார்த்தவள். சூரிச்சில் அந்தச் சான்றிதழை யாரும் சட்டை செய்யவில்லை; முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தொண்டர் அமைப்பு, கிணறு வெட்டவும் சின்னப் பிரசவ விடுதி ஒன்று கட்டவும் கானாவின் வடக்கில் ஒரு கிராமத்துக்கு ஆட்களை அனுப்பியது. பல நாட்டு இளைஞர்கள் போனார்கள். பேறு பார்க்கத் தெரிந்த ஒருவரும் வேண்டும் என்றார்கள். இவள் உடனே பெயர் கொடுத்துவிட்டாள். நான் மலேரியா, பாம்பு, விசா என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பார்த்தேன்.

"பிள்ளைப்பேறு பாக்கப் போறன். சண்டைக்கோ போறன்?" என்றாள்.

ஆறு மாதம். சூரிச்சின் ஓர்லிகோன் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் நானும் ஒன்பது வயது மகளும் தனியாக இருந்தோம்.

அந்தக் கிராமத்தில் தொலைபேசி இல்லை. ஞாயிறுதோறும் பக்கத்துப் பட்டணத்திலிருந்து அமைப்பின் அலுவலகத்துக்குச் செய்தி வரும். அலுவலகம் முதல் குடும்பத்துக்குச் சொல்லும். அவர்கள் அடுத்த குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும். சுவிஸ்காரர் இதற்குத் தொலைபேசிச் சங்கிலி என்று பெயர் வைத்து, பட்டியலும் அடித்துத் தந்திருந்தார்கள். எழுதிக்கொண்டதை அப்படியே வாசிக்க வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது. எனக்கு முன்னால் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். எனக்குப் பின்னால், பட்டியலில் கடைசியாக, பக்கத்து ஊரான அட்லிஸ்வில்லில் ஒரு தாய். அவருடைய மகனும் அங்கே போயிருந்தான்.

நாலாவது மாதம் ஒரு ஞாயிறு, இரண்டு மணிக்கு ஆசிரியர் அழைத்தார். நேற்று லொறி கவிழ்ந்து விபத்து என்று, வழக்கமான குரலில் வாசிக்கத் தொடங்கினார்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் சாவை நேரே சொல்வதில்லை. அண்ணன் ஷெல் விழுந்து செத்தபோது எனக்கு வந்த செய்தி, காலில் சின்னக் காயம் என்பதுதான். சின்னக் காயமே சாவு என்றால், விபத்து? ரிசீவரை மேசையில் வைத்துவிட்டுப் பல்கனிக்குப் போனேன். கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பிள்ளைக்கு எப்படிச் சொல்வது, உடம்பை எப்படிக் கொண்டுவருவது என்றெல்லாம் மனம் ஓடியது. அவளைப் போகவிட்டது நான்தானே என்று நினைத்ததும் வாய்விட்டு அழுதேன். வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்த மகள் எழுந்து வந்து, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். போய்ப் பாடத்தைப் பார் என்றேன்.

ஐந்தரைக்கு அழைப்பு மணி அடித்தது. வாசலில் அட்லிஸ்வில் தாய், நனைந்த குடையோடு நின்றார். செய்தி சொல்ல ஆள் நேரே வந்தால் எங்கள் ஊரில் அது சாவுச் செய்திதான். அவரோ, மதியத்திலிருந்து என் தொலைபேசி எங்கேஜ் என்று மூச்சு வாங்கக் குறைப்பட்டார். செய்தி வராததால் பயந்து, கடைசியில் அலுவலகத்துக்கே எடுத்துக் கேட்டுவிட்டு, எனக்கும் செய்தி கிடைத்திருக்காது என்று பட்டியலிலிருந்த முகவரியைப் பார்த்து வந்தாராம். லொறி கவிழ்ந்தது உண்மை. அவருடைய மகனுக்குக் கை முறிந்திருக்கிறது. கட்டுப் போட்டது என் மனைவி. மற்றவர்களுக்கு வெறும் கீறல்தான். உண்மையாகவா என்று மூன்று தரம் கேட்டேன். மூன்றாம் தரம் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

அவர் போனபின் ரிசீவரை அதன் இடத்தில் வைத்தேன். என் பயத்தால் அந்தத் தாயையும் துடிக்க விட்டுவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது. மகளைக் கூப்பிட்டு, அம்மாவுக்கு ஒன்றுமில்லை, லொறி கவிழ்ந்தும் தப்பிவிட்டாள் என்றேன்.

தெரியும் என்றாள். நான் பல்கனிக்குப் போனதும், மேசையில் கிடந்த ரிசீவரில் காதை வைத்து மிச்சத்தைக் கேட்டாளாம்.

"எல்லாரும் உயிரோட இருக்கினம் எண்டு அவர் சொன்னவர். நீங்கள் அழுதபடியா, அவர் பொய் சொல்லுறார் எண்டு நினைச்சன்."

அதன் பிறகுதான் அவள் அழத் தொடங்கினாள்.