வடக்குச் சுவரில் துரையின் பெயர்

சுதந்திரத்துக்கு முந்தைய ஆண்டுகளில், ஆசிரியர் பயிற்சிக்காக மலாயாவிலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. மலாக்கா டவுனில், காஜா பேராங்கில் ஓர் ஒற்றை அறை வாடகை வீட்டிலிருந்து போனேன். அதற்கு முன் நாங்கள் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களின் லயத்து வீட்டில் இருந்தோம். கூலி உயர்வு கேட்டு அப்பா பேசப் போக, தோட்டத்தின் வெள்ளைக்காரத் துரை எங்கள் சட்டி பானைகளை மழையில் தூக்கி எறியச் சொன்னார். கைக்குழந்தையாக இருந்த தம்பி அந்த ஈரத்தில் காய்ச்சல் கண்டு செத்தான். அவனைத் தோட்டத்து எல்லையில் புதைத்துவிட்டு டவுனுக்கு வந்தோம். துரையின் பெயரை அதற்குப் பிறகு வீட்டில் யாரும் சொன்னதில்லை.

இங்கிலாந்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விரிவுரையாளர் எங்களை ஒரு கிராமத்துத் தேவாலயத்துக்கு அழைத்துப் போனார். வாசலில் பழக்கத்தில் சப்பாத்தைக் கழற்றினேன். "கல் குளிரும், போட்டுக்கொள்ளுங்கள்" என்று சிரித்தார் வயதான பாதிரியார்.

எண்ணூறு வருஷத்துக் கட்டடம். சுவரைத் தடவித் தடவிக் காட்டினார். அரைவட்ட வளைவுகள் முதலில் கட்டியவை. கூர்முனை ஜன்னல்கள் பிறகு வந்தவை. பீடம் இருந்த பகுதியைப் பராமரிப்பது குருவின் பொறுப்பு, மக்கள் நின்ற கூடம் ஊராருடைய பொறுப்பு. ஒரு காலத்தில் சுவர் முழுக்க ஓவியங்களாம். மதச் சண்டையில் சுண்ணாம்பு அடித்து மறைத்துவிட்டார்கள். மூலையில் மட்டும் ஒரு தேவதூதனின் பாதி முகம் வெளியே வந்திருந்தது. எனக்கு அந்த இடம் மிகவும் பிடித்துப்போயிற்று.

"கோபுரம் விரிசல் விட்டபோது இந்தக் குடும்பம்தான் காப்பாற்றியது" என்று வடக்குச் சுவரில் புதிதாகப் பதித்திருந்த பளிங்குப் பலகையைக் காட்டினார். அதே பெயர். அதே தோட்டத்தின் பெயரும் இருந்தது. தம் தொழிலாளர்களுக்குத் தந்தையாக வாழ்ந்தவர் என்று கீழே செதுக்கியிருந்தது.

"நீங்கள் மலாக்காவா? இவரைத் தெரிந்திருக்குமே?"

"தெரியும். எங்களை மழையில் வெளியே தள்ளியவர். என் தம்பி அதில்தான் செத்தான்."

விரிவுரையாளர் என் முழங்கையைப் பிடித்தார். "கஷ்டமான காலம் அது, மகளே" என்றார் பாதிரியார் கடைசியில். பிறகு தேநீர் குடிக்கக் கூப்பிட்டார். விருந்தாளியாகப் போன இடத்தில் அப்படிப் பேசலாமா என்று திரும்பும் வழியெல்லாம் எனக்கு விரிவுரையாளரிடம் திட்டு.

ஊர் வந்ததும் அப்பாவிடம் சொன்னேன்.

"செத்துட்டானா?"

"ஆமாப்பா."

"கல்லுல என்னான்னு எழுதியிருக்கு?"

"தொழிலாளிங்களுக்கு அப்பா மாதிரின்னு."

"தோட்டத்துல பழைய மரத்தையெல்லாம் சாச்சிட்டு புதுக் கன்னு நட்டுட்டாங்க. போன மாசம் போயிப் பாத்தேன். புள்ளைய பொதைச்ச எடம் தெரியல தாயி."

சுதந்திரம் வந்தது, புதுக் கொடி ஏறியது. எனக்குக் கிடைத்த பள்ளிக்கூடத்தில் பழைய சரித்திரப் புத்தகமே ஓடியது. அதில் ஆங்கிலக் கிராமத் தேவாலயம் ஒரு பாடம். நேரில் பார்த்தவள் என்று தலைமையாசிரியை என்னையே நடத்தச் சொன்னார். கூடம், பீடம், கோபுரம் என்று கரும்பலகையில் வரைந்தேன். வகுப்பு முடிந்ததும் ஒரு தமிழ்ப் பெண் மேசையருகே வந்தாள்.

"நேர்ல அழகா இருந்துச்சா டீச்சர்?"

"ரொம்ப அழகா இருந்துச்சு" என்றேன். பொய்யில்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் செரிக்க முடியவில்லை.