சந்தனம் வைத்த துப்பாக்கி

பனிமூட்டமான காலையில் டோல்வே என்கிற சுங்கச்சாலையில் வடக்கே போனால், டெக்ஸஸில் நாங்கள் இருக்கும் பிளானோ நகரம் மெல்ல மெல்லக் கரைந்துபோகும். முதலில் கண்ணாடிக் கட்டடங்கள் மறையும், பிறகு கடைவரிசைகள், பிறகு வீடுகள். கடைசியில் புல்லும் வேலிக் கம்பியும் மட்டும் மிஞ்சும். ஃபிளாஸ்க் மூடியில் காபி ஆறிக்கொண்டிருக்கும். பின்சீட்டில், பூட்டிய நீளப் பெட்டிக்குள், என் ரைஃபிள் படுத்திருக்கும். போன குளிர்காலத்துச் சனிக்கிழமைகளில் நான் இப்படித்தான் போய்வந்துகொண்டிருந்தேன். விழித்துக்கொண்டு ஓட்டினேனா, கனவிலேயே ஓட்டினேனா என்று கேட்டால் சத்தியம் பண்ண முடியாது.

நான் துப்பாக்கி வாங்குகிற ரகம் இல்லை. பிறந்ததிலிருந்து சைவம். கரப்பான்பூச்சி வந்தால்கூடக் காகிதத்தில் ஏந்தி வெளியே விட்டுவிட்டு வருகிறவன். மென்பொருளைச் சோதிப்பது தொழில். அதாவது, அடுத்தவர் எழுதியதில் குற்றம் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறேன். வீடு, கார், கிரீன் கார்டு எல்லாம் ஆனபிறகு எங்கள் ஊர்த் தமிழர்களுக்கு ஒரு வியாதி வரும், நிலம் வாங்குகிற வியாதி. ஆபீஸ் நண்பன் ஒருவனுக்கும் எனக்கும் அது ஒரே சமயத்தில் வந்தது. நகரத்துக்கு வடக்கே கொஞ்சம் நிலம் வாங்கி, கடலையும் சர்க்கரைவள்ளியும் வெண்டையும் போட்டோம். பொங்கல் பானையில் கட்டுவதற்காக என் மனைவி ஒரு மூலையில் மஞ்சள் நட்டாள். ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தால், டிராக்டர் விட்டு உழுததுபோல மொத்த நிலமும் புரண்டு கிடந்தது. காட்டுப்பன்றிகள். மஞ்சள் பாத்தியையும் விட்டுவைக்கவில்லை.

பன்றிக்கு டெக்ஸஸில் யாரைக் கேட்டாலும் ஒரே மருந்தைத்தான் சொல்வார்கள்: துப்பாக்கி. கடைக்குப் போய் முழுசாக ஒன்றை வாங்கியிருக்கலாம். எனக்கு அப்படி வாங்கினால் மனசு ஆறாது. கம்ப்யூட்டரையே பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த கை. குழாய் ஒரு கடை, கட்டை ஒரு கடை, விசைப் பகுதி இன்னொரு கடை என்று சேர்த்து, கராஜில் உட்கார்ந்து பொருத்தினேன். ஒரு தடவை சுட்டால் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ரகம் அது. ஒவ்வொரு பாகமும் மற்றதற்குள் 'டக்'கென்று உட்காரும்போது மனசுக்குள் என்னவோ இனித்தது. பன்றியைச் சுடுவேனா மாட்டேனா என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை.

என் மனைவி யோசித்தாள். எங்கள் மகள் ஏழாம் வகுப்பு. அவள் பள்ளியில் அவ்வப்போது விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி, பிள்ளைகளைச் சுவரோரமாகச் சத்தமில்லாமல் உட்காரவைப்பார்கள். துப்பாக்கியோடு யாராவது நுழைந்தால் என்ன செய்வது என்பதற்கான ஒத்திகை. மகள் அதை மதியச் சாப்பாட்டு மெனு சொல்வதுபோலச் சொல்வாள். "இட்ஸ் ஜஸ்ட் எ ட்ரில், அம்மா." அம்மாவுக்கு அது ட்ரில் இல்லை.

"அந்தச் சனியன் ஸ்கூல் பக்கம் வரக்கூடாதுன்னு நான் தினமும் சாமி கும்பிடறேன்," என்றாள். "நீங்க அதை வீட்டுக்கே வரவழைச்சு அசெம்பிள் பண்றீங்க."

சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. இரும்புப் பெட்டி வேண்டும், எப்போதும் பூட்டியிருக்க வேண்டும், பன்றியைத் தவிர வேறு எதற்காகவும் அது வெளியே வரக்கூடாது என்றாள். எல்லாவற்றுக்கும் சரி என்றேன். இரும்புப் பெட்டி வந்த நாளிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. காலையில் கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு காபி ஆற்றுவாள். கேட்டால், "ஒண்ணுமில்லை" என்பாள். போகப் போகப் பழகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பும் என்னை உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

அந்தச் சமயத்தில் ஆயுதபூஜை வந்தது. ரைஃபிள் கிட்டத்தட்ட முடிந்திருந்தது. மேலே தொலைநோக்கி, அதுதான் ஸ்கோப், அதை மட்டும் பொருத்தவில்லை. பூஜையில் வழக்கம்போல லேப்டாப்புகள், இரண்டு கார் சாவி, மிக்ஸி, மகளின் கிளாரினெட், நிலத்து மண்வெட்டி எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்தன. நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"அதையும் வைக்கலாமா?"

அவள் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள். பிறகு, "வையுங்க. வைக்காம விட்டாத்தான் எனக்குப் பயம்," என்றாள்.

அவள் அதைத் தொட்டது அன்றைக்குத்தான். சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, முதுகு நெடுகப் பொட்டு வைத்து, ஒவ்வொன்றிலும் குங்குமம் இட்டாள். தோட்டா அடுக்கும் பெட்டிகள் இரண்டு இருந்தன, மேகசின் என்பார்கள். காலியான அந்த இரண்டுக்கும் பொட்டு. கற்பூரம் காட்டிவிட்டு நெடுநேரம் கண்ணை மூடி நின்றாள். அப்புறம் மூன்று பேரும் கை நிறைய மஞ்சள் அரிசியை அள்ளி எல்லாவற்றின் மேலும் தூவினோம். நான் எதிலும் தாராளம், அட்சதையிலும் அப்படியே. விஜயதசமி முடிந்ததும் ஒரு துணியால் துடைத்து, ஸ்கோப்பைப் பொருத்தி, சரியான இறுக்கத்தில் திருகி, பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

துப்பாக்கி சுட்டுப் பழகும் சுடுதளத்துக்கு முதல் முறை போனபோது புல்லெல்லாம் உறைபனி. காதுக்கு மூடியை மாட்டிக்கொண்டால் உலகம் தண்ணீருக்கு அடியில் போய்விடும். பக்கத்தில் சுடுகிறவர்களின் சத்தம் எங்கோ தூரத்தில் யாரோ கம்பளம் தட்டுவதுபோலக் கேட்கும். சொந்த மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்கும். எனக்கு அந்த நிசப்தம் பிடித்துப்போயிற்று. ஸ்கோப்புக்குள் இலக்குக் காகிதம் வெள்ளையாக மிதந்தது.

ஒன்று போயிற்று. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவது தோட்டா பாதி வழியில் மூக்கை இடித்துக்கொண்டு சிக்கி நின்றது. எடுத்துவிட்டுத் திரும்பச் சுட்டேன், திரும்பச் சிக்கியது. காகிதத்தைப் போய்ப் பார்த்தால் ஒரு ஓட்டை வடக்கே, ஒன்று தெற்கே. இன்னொன்றைக் காணவே காணோம்.

எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். கோளாறு என்றால் என் தொழில் ஆயிற்றே. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பது எங்கள் வேலையின் பாலபாடம். முதலில் மேகசினை மாற்றினேன். இரண்டாவதிலும் அதே சிக்கல். இரண்டும் ஒருசேரக் கெட்டுப்போகுமா? ஆகவே குற்றம் மேகசினில் இல்லை என்று பெரிய மேதைபோல முடிவுகட்டினேன். அடுத்த வாரம் எண்ணெய் போட்டுப் பார்த்தேன். அதற்கடுத்த வாரம் வேறு தோட்டா. பிறகு ஸ்பிரிங். பிறகு குழாய் வாயைப் பளபளவென்று துடைத்தேன். ஸ்கோப்பைத் திருகித் திருகி மையத்துக்குக் கொண்டுவருவேன். நாலு தடவை சுடுவதற்குள் அது தன் போக்கில் நகர்ந்திருக்கும். திருகாணிகளைப் பார்த்தால் இறுக்கமாகத்தான் இருந்தன. பனி விலகி வெயில் வந்து, புல் மினுங்கி, நேரம் எங்கே போகிறது என்று தெரியாமல் போகும். அந்தக் காலைகளில் நான் பன்றியை மறந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்தால் மனைவி கேட்கிற முதல் கேள்வி, "இன்னிக்கு அது சிக்காம ஓடிச்சா?"

"இல்லை."

"பரவாயில்லை விடுங்க. கை கழுவிட்டு வாங்க, வெண்பொங்கல் சூடா இருக்கு."

சனிக்கிழமை டிபன் வாரத்துக்கு வாரம் மேலே மேலே போயிற்று. ஒரு வாரம் அடை அவியல், ஒரு வாரம் இடியாப்பம். கண்ணுக்குக் கீழே கருவளையம் மறைந்தது. பகலில் சோபாவில் சாய்ந்தால்கூடச் சட்டென்று அசந்துவிடுவாள். புத்தகம் நெஞ்சில் கவிழ்ந்திருக்கும், ஜன்னல் வெயில் பாதத்தில் விழுந்திருக்கும். நான் நின்று பார்த்துவிட்டுப் போவேன். பழகிவிட்டது, தூக்கம் திரும்பிவிட்டது என்று நிம்மதியாக இருந்தது. நம் ஆராய்ச்சி பலிக்காவிட்டாலும் அவள் ஆறுதல் சொல்கிறாளே என்று உருகியும் போனேன்.

பொங்கல் வந்தது. கடையில் வாங்கிய மஞ்சள் கொத்தைத்தான் பானையில் கட்டினோம். மறுநாள் காலை ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, கராஜ் மேஜையில் பழைய துண்டை விரித்து எல்லாவற்றையும் கழற்றினேன். வேறு எதுவும் பாக்கியில்லை என்பதால்தான் மேகசினின் அடித்தட்டையும் நீக்கினேன். ஸ்பிரிங்கை இழுத்ததும் துண்டின் மேல் ஏதோ உதிர்ந்தது.

ஒரு மஞ்சள் அரிசி.

தோட்டாக்களை மேலே தள்ளும் தட்டுக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே அது இத்தனை நாளும் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது. தட்டு அங்கே இடறிச் சாயும்; தோட்டா மூக்கை இடித்துக்கொள்ளும். இரண்டாவது மேகசினையும் பிரித்தேன். அதில் இரண்டு அரிசி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடேயே ஸ்கோப்பைக் கழற்றினேன். அது கவ்விப் பிடித்திருந்த இடுக்குகளில் காய்ந்த சந்தனம் பாளம் பாளமாக இருந்தது. சுடும் ஒவ்வொரு அதிர்விலும் அது பொடிந்திருக்கிறது, பொடியப் பொடிய ஸ்கோப் நகர்ந்திருக்கிறது. ஊசியால் சுரண்டினேன். இயந்திர எண்ணெய் வாடைக்கு நடுவே கராஜ் முழுக்கச் சந்தனம் மணத்தது.

சனிக்கிழமை சுடுதளத்தில் ஒன்றுகூடச் சிக்கவில்லை. காகிதத்தில் விழுந்த ஓட்டைகளை ஒரு கால் டாலர் காசை வைத்து மூடிவிடலாம். நான் குழந்தை மாதிரி ஆகிவிட்டேன். காகிதத்தைச் சுருட்டி முன்சீட்டில் வைத்துக்கொண்டு, டோல்வேயில் பாடிக்கொண்டே வந்தேன்.

அவள் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். காகிதத்தை விரித்துக் காட்டினேன். அவள் அந்த ஓட்டைகளை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இப்போ நல்லா ஓடுதா?"

"சூப்பரா ஓடுது. என்ன பிராப்ளம்னு சொன்னா சிரிப்பே." அரிசியையும் சந்தனத்தையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு யாருக்கும் ஒண்ணும் ஆகக்கூடாதுன்னுதான் வேண்டிக்கிட்டேன்," என்றாள். "சாமி கேட்டுச்சு. நீங்க ரிப்பேர் பண்ணிட்டீங்க."

நான் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"ஓடலை ஓடலைன்னு நீங்க வந்து சொல்லுவீங்க இல்ல," என்றாள். "அதைக் கேட்டுத்தாங்க நான் தூங்கிட்டிருந்தேன்."

குரலை உயர்த்தவில்லை, அழவும் இல்லை. நான் காகிதத்தைச் சுருட்டிக் கீழே வைத்தேன். அடையும் இடியாப்பமும் எனக்கான ஆறுதல் என்றல்லவா நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஊரார் எழுதியதில் குற்றம் கண்டுபிடிக்கிற ஆளுக்கு, பக்கத்தில் படுத்திருக்கிறவள் எதனால் தூங்குகிறாள் என்று தெரியவில்லை. அந்த வாரமே கருவளையம் திரும்ப வந்தது. காபி ஆற்றும்போது கை நின்று நின்று நகர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை இரும்புப் பெட்டியைத் திறந்து, ரைஃபிளின் போல்ட்டைக் கழற்றினேன். தோட்டாவைக் குழாய்க்குள் தள்ளிப் பூட்டுவது அதுதான். உள்ளங்கையில் அடங்குகிற இரும்புத் துண்டு. அது இல்லாவிட்டால் துப்பாக்கி வெறும் தடி. துடைத்துக்கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தேன்.

"இது இல்லாம அது சுடாது. எங்கே வெச்சிருக்கேன்னு எங்கிட்ட சொல்லாதே."

"பன்னிக்கு வேணும்னா?"

"உன்னைக் கேக்கறேன்."

அவள் அதைக் கையில் வைத்து எடை பார்ப்பதுபோல் பார்த்தாள். "இவ்ளோதானா இது?" என்றாள். பிறகு உள்ளே போனாள். எந்தக் கதவோ, எந்த டப்பாவோ, ஏதோ திறந்து மூடும் சத்தம் கேட்டது. நான் வேண்டுமென்றே தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தேன்.

நிலத்துக்கு நண்பன் கெட்டிக் கம்பியில் வேலி போட்டான். "இதை முதல்லயே செஞ்சிருக்கலாம்டா," என்றான். செய்திருக்கலாம்தான். பன்றிகள் இப்போது வேலிக்கு அந்தப் பக்கமாக, காலைப் பனிக்குள் நிழல் நிழலாகப் போகின்றன. குட்டிகள் தாயின் பின்னால் வரிசையாக ஓடுகின்றன. நான் காபி மூடியோடு நின்று பார்க்கிறேன். மஞ்சள் இந்த வருஷம் நன்றாக வந்திருக்கிறது. போல்ட்டை நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவள் தூங்குகிறாள்.

இந்த வருஷ ஆயுதபூஜைக்கும் எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்தன. லேப்டாப்புகள், சாவிகள், மிக்ஸி, கிளாரினெட், மண்வெட்டி, கடைசியில் ரைஃபிள். சந்தனத்தை நான் குழைத்தேன். போன வருஷத்தைவிடக் கெட்டியாகவே குழைத்தேன். பொட்டு வைத்துக்கொண்டே வந்தவள் ரைஃபிளுக்கு முன்னால் நின்று, "ஒரு நிமிஷம் இருங்க, அதுவும் வரட்டும்," என்று எழுந்தாள்.

போல்ட்டை எங்கிருந்து எடுக்கிறாள் என்பது கண்ணில் படாமல் இருக்க, நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.